பேருந்தின் காப்பீடு பயணத்தின் காப்பீடு ஆகாது

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே தமிழகப் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். கல்லூரிகளில் ஐ.வி. எனப்படும் தொழிற்சாலைப் பயணம், களப்பயணம், என்.எஸ்.எஸ். முகாம், விளையாட்டுப் போட்டி என்று மாணவர்கள் கூட்டமாக வெளியூர் கிளம்புவார்கள். பணம் வசூலிப்பது, பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்குவது, பேருந்துக்கு முன்பணம் கொடுப்பது, தங்குமிடம் பேசுவது எல்லாம் ஆசிரியர்களுக்குப் பழகிய வேலைகள். காப்பீடு பற்றி யாராவது கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்பது. அந்தப் பதில் உண்மைதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையல்ல. வண்டியின் காப்பீடு வண்டியோடு போகிறது. பிள்ளை படியிறங்கி அருவிக்கோ அணைக்கோ நடக்கத் தொடங்கியதும் அது பின்தங்கிவிடுகிறது. பயணத்துக்கு வேண்டியது பிள்ளையோடு போகும் காப்பீடு. தவறு யாருடையது என்ற விசாரணைக்குக் காத்திராமல் அது பணம் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கும் ஊர் திரும்புவதற்கும் முதலில், ஊனத்துக்கும் இறப்புக்கும் அடுத்து. இப்படி ஒரு காப்பீட்டை ஒவ்வொரு பயணத்துக்கும் அவசரமாகத் தேடுவதைவிட, கல்வி நிறுவனம் நடத்தும் எல்லாச் செயல்களையும் தழுவிய ஆண்டுக் கடமையாக்குவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாடறிந்த சில துயரங்களை வரிசையாகப் பார்த்தால் இதன் தேவை புரியும். 1995 மே மாதம் பதான்கோட் அருகிலுள்ள டல்ஹவுசி பப்ளிக் பள்ளியின் மாணவர்கள் பியாஸ் ஆற்றங்கரைக்குப் பிக்னிக் போனபோது 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு கவிழ்ந்து பள்ளிச் சுற்றுலாவில் வந்த 18 பேர் மாண்டார்கள். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலத்தின் மண்டி மாவட்டத்தில், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் ஹைதராபாத் பொறியியல் கல்லூரியின் 24 மாணவர்களையும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரையும் அடித்துச் சென்றது. 2023 பிப்ரவரி 15 அன்று கரூர் மாவட்டம் மாயனூரில் புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் 4 பேர் காவிரியில் மூழ்கினார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். இந்த ஐந்தும் நடந்தது தண்ணீரில். பேருந்து எங்கோ வாகன நிறுத்தத்தில் பத்திரமாக நின்றிருக்கும்; அதன் பாலிசிக்கும் இந்த இறப்புகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாயனூர் நிகழ்வு இன்னொன்றையும் சொல்கிறது. அந்த மாணவிகள் போனது சுற்றுலாவுக்கு அல்ல, கால்பந்துப் போட்டிக்கு. சுற்றுலாவுக்கென்று தனியாக ஒரு பாலிசி எடுக்கும் வழக்கம் இருந்திருந்தாலும் அந்தப் பயணம் அதன் கணக்கில் வந்திராது. பள்ளி தன் பொறுப்பில் பிள்ளையை வெளியே அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும் ஆபத்து ஒன்றுதான். பதிவேட்டில் அதற்கு என்ன பெயர் எழுதப்படுகிறது என்பது பொருட்டல்ல.

பேருந்துக்குள் நடக்கும் விபத்திலாவது வண்டியின் காப்பீடு முழுதாகக் கைகொடுக்குமா? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வாடகைப் பேருந்தின் பயணிகளும் அதில் அடங்குவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டி விதியை மீறும்போது அந்தப் பாதுகாப்பு தளர்கிறது. இமாச்சலத்தில் 42 பயணிகளுக்கு அனுமதி பெற்ற பேருந்தில் 90 பேர் ஏறி விபத்துக்குள்ளான வழக்கில், காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு 42 பேருக்குரிய தொகையோடு நின்றுவிடும் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. அந்தத் தொகையை எல்லாருக்கும் விகிதப்படி பிரித்துக்கொண்டு, மீதியை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் இருக்கையில் நாலு பிள்ளைகளை உட்கார வைக்கும் பள்ளி நிர்வாகம் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிப்பது நல்லது. பர்மிட் இல்லாமல் ஓடும் வண்டி பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுகிறது என்று 2018இல் அதே நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற வழியால் பாதிக்கப்பட்டவர்கள் ஓரளவு காக்கப்படுகிறார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேர வருடக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான, வெள்ளைப் பலகை மாட்டிய வேனை மலிவு என்று வாடகைக்குப் பிடித்தால் இன்னும் மோசம். அதன் பாலிசி வாடகைச் சவாரிக்கென்று எழுதப்பட்டதே அல்ல.

2022 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டப் பள்ளியிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய சுற்றுலாப் பேருந்து, வடக்கஞ்சேரி அருகே இரவில் அரசுப் பேருந்தின் மீது மோதி 5 மாணவர்கள், 1 ஆசிரியர், அரசுப் பேருந்தில் வந்த 3 பயணிகள் என 9 பேர் இறந்தார்கள். மோதியபோது சுற்றுலாப் பேருந்தின் வேகம் மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இப்படிப்பட்ட விபத்தில் வண்டியின் காப்பீட்டுப் பணம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அடிபட்டுக் கிடக்கும் பிள்ளைக்கு அன்றிரவு தேவைப்படும் மருத்துவச் செலவு வேறு. தீர்ப்பாயம் சில வருடம் கழித்துக் கொடுக்கும் இழப்பீடு வேறு. ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

ரயில் பயணத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் இணையவழிப் பயணச்சீட்டு எடுப்பவர் 45 பைசா சேர்த்துக் கட்டினால் ரயில் விபத்தில் இறப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரையும் காப்பீடு கிடைக்கிறது. ஆனால் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கான கட்டணச் சலுகை கவுன்ட்டரில் எடுக்கும் பயணச்சீட்டுக்குத்தான் உண்டு. சலுகை பெறும் மாணவர் குழு அந்தச் சலுகையின் காரணமாகவே 45 பைசா காப்பீட்டுக்கு வெளியே நிற்கிறது. ரயில்வே சட்டப்படி விபத்து இழப்பீடு கோரும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது என்பது ஆறுதல். ஆனாலும் விருப்பக் காப்பீடு சலுகைச் சீட்டுக்கும் நீட்டிக்கப்படாததற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

இதுவரை சொன்னவை விபத்துகள். பயணத்தில் பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்து விபத்து மட்டுமல்ல. 2006 டிசம்பரில் பெங்களூரு பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணவி, பள்ளி ஏற்பாடு செய்த வட இந்தியச் சுற்றுலாவில் காய்ச்சலில் விழுந்தாள். நேரத்தில் தகுந்த சிகிச்சை கிடைக்காமல் நோய் மூளையைத் தாக்கியது. விமானத்தில் பெங்களூருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது; நினைவும் பேச்சும் போய்ப் படுத்த படுக்கையானாள். கர்நாடக மாநில நுகர்வோர் ஆணையம் 88,73,798 ரூபாய் இழப்பீடு விதித்தது. தேசிய ஆணையம் அதை 50 லட்சமாகக் குறைத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் முதல் தொகையையே திரும்ப நிலைநாட்டியது. பதினான்கு வயதில் நடந்ததற்கு நியாயம் கிடைத்தபோது அந்தப் பெண் இருபதுகளின் பிற்பகுதியில் இருந்தாள். இந்த வழக்கில் பேருந்தும் இல்லை, படகும் இல்லை, விபத்தும் இல்லை. அங்கே தேவைப்பட்டது முதல் நாளே நல்ல மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் துணிவும், அந்தச் செலவை யார் ஏற்பது என்ற தயக்கம் இல்லாத நிலையும். காப்பீடு அந்தத் துணிவை ஓர் ஆசிரியருக்குத் தரக்கூடும் என்பதுதான் அதற்காக நான் முன்வைக்கும் முதல் காரணம். கையில் பாலிசி எண்ணும் உதவி மையத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கிற ஆசிரியர், 'காலை வரை பார்க்கலாம்' என்று மாத்திரை கொடுத்துக் காத்திருக்க மாட்டார். எல்லாரும் அப்படி நடந்துகொள்வார்கள் என்ற உறுதி இல்லை; ஆனால் தயக்கத்துக்கான காரணங்களில் ஒன்று நீங்கும்.

இங்கே சந்தையில் பள்ளிகளுக்கு எளிதில் கிடைப்பது குழு விபத்துக் காப்பீடு. அதன் உள்ளடக்கத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். விபத்து என்றால் திடீரென்று, எதிர்பாராமல், விருப்பமின்றி, வெளிப்புறமான, கண்ணுக்குத் தெரியும், வன்மையான காரணத்தால் நேர்வது என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது வரையறை. நாற்பது பிள்ளைகள் ஒரே ஓட்டலில் சாப்பிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தால் அது இந்த வரையறைக்குள் எளிதில் அடங்காது. கொசு கடித்து மலேரியாவில் இறந்தது விபத்தாகுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மலேரியா பரவலாக உள்ள மொசாம்பிக்கில் நேர்ந்த அந்த இறப்பை விபத்தாகக் கொள்ள முடியாது என்று 2019இல் தீர்ப்பு வந்தது. ஆக, விபத்துக் காப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் கடலோரத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகும் பள்ளி, உணவு நஞ்சாதல், வெப்பத் தாக்கு, காய்ச்சல் ஆகிய வழக்கமான இன்னல்களுக்கு ஏற்பாடில்லாமல்தான் போகிறது.

தொகையும் அப்படித்தான். இந்தப் பாலிசிகள் பொதுவாக இறப்பை மையமாக வைத்து எழுதப்பட்டவை. இறப்புக்கு முழுத் தொகை, இரண்டு கண்களோ இரண்டு கைகால்களோ போனால் முழுத் தொகை, ஒரு கண்ணோ ஒரு காலோ போனால் பாதி. ஒரு லட்சம் ரூபாய்க்கு எடுத்த பாலிசியில், ஒரு காலை இழந்த பிள்ளைக்கு 50,000 ரூபாய். அந்தப் பிள்ளை இன்னும் அறுபது வருடம் வாழும். வளரும் வயதில் செயற்கைக் காலைப் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு உதவும் வாராந்திர ஊதிய இழப்புப் பலன், வருமானமே இல்லாத மாணவனுக்கு எதற்கும் ஆகாது. மருத்துவச் செலவு பல பாலிசிகளில் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய கூடுதல் பிரிவு. அதற்கும் சிறிய உச்சவரம்பு வைத்திருப்பார்கள். பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன்னால், எதற்குக் குறைவாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். என் கருத்தில், இறப்புக்கான தொகையைக் குறைத்துக்கொண்டாவது மருத்துவச் செலவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரிய தொகையை உயர்த்துவதே மாணவர் காப்பீட்டின் சரியான வடிவம்.

இதற்கு எதிராக ஒரு கனமான வாதம் உண்டு. தவறு செய்தவரைச் சட்டம் இழப்பீடு கொடுக்க வைக்கிறதே, பிறகு எதற்குத் தனிக் காப்பீடு என்பது அது. டல்ஹவுசி பப்ளிக் பள்ளி வழக்கில் பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் என்ற உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பு என்பதை ஏற்றது. லார்ஜி அணை நீரில் அடித்துச் செல்லப்பட்ட 24 மாணவர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் கொடுக்க இமாச்சல உயர் நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டு, மின்வாரியம் 60 விழுக்காடு, கல்லூரி 30, மாநில அரசு 10 என்று பொறுப்பைப் பிரித்தது. மதிக்க வேண்டிய தீர்ப்புகள். ஆனால் முதல் வழக்கு ஆறு வருடம் எடுத்தது. இரண்டாவதில் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்ததால் வேகமாக முடிந்தது. நாட்டையே உலுக்காத ஒற்றை இறப்புக்கு அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தவறு யாருடையதும் அல்லாத நிகழ்வில், அல்லது தவறு பிள்ளையின் விளையாட்டுத்தனத்தில் இருக்கும்போது, வழக்கால் கிடைப்பது ஒன்றுமில்லை. தீர்ப்பு கிடைத்தாலும் கொடுக்கிறவரிடம் பணம் இருக்க வேண்டுமே. 24 பேருக்குத் தலா 20 லட்சம் என்றால் 4.8 கோடி, அதில் 30 விழுக்காடு 1.44 கோடி. ஒரு பெரிய கல்லூரி அதைத் தாங்கலாம். சிற்றூர் ஒன்றில் வாடகைக் கட்டடத்தில் நடக்கும் நர்சரிப் பள்ளி தாங்காது. அதனால்தான் மாணவருக்கான காப்பீட்டோடு, கவனக்குறைவால் எழும் இழப்பீட்டை ஏற்கும் பொறுப்புக் காப்பீடும் கல்வி நிறுவனத்துக்கு வேண்டும். இரண்டாவது வகையில் மோட்டார் வாகனத்தாலும் படகாலும் எழும் பொறுப்பை விலக்கி வைப்பது வழக்கம் என்பதையும் கவனிக்க வேண்டும். விலக்கைக் கவனிக்காமல் வாங்கினால், மேலே சொன்ன இரண்டு படகு விபத்துகளில் எதற்கும் அது உதவாது.

வழக்கும் காப்பீடும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டால் குடும்பத்துக்குக் கிடைத்த தொகையை மோட்டார் விபத்து இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. பிரீமியம் கட்டி வாங்கிய பலனைத் தவறு செய்தவர் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது என்ற அதன் தர்க்கம் விபத்துக் காப்பீட்டுக்கும் பொருந்தக்கூடியது. மாணவர் பாலிசியில் பணம் வாங்கிய பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை அதனால் இழப்பதில்லை.

வேறு நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் இரண்டு முன்மாதிரிகள் முக்கியமானவை. ஜெர்மனியில் 1971 முதல் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் மழலையர் பள்ளிக் குழந்தைகளும் தொழிலாளர்களுக்கான சட்டப்படியான விபத்துக் காப்பீட்டுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். வகுப்பில் விழுந்தாலும் வகுப்புச் சுற்றுலாவில் விழுந்தாலும் சிகிச்சையும் மறுவாழ்வும் அதன் பொறுப்பு. பெற்றோர் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. ஜப்பானில் விளையாட்டு மன்றம் என்ற அரசுசார் அமைப்பு நடத்தும் பள்ளி விபத்து உதவித் திட்டத்தில் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி மாணவருக்கான ஆண்டுக் கட்டணம் ஆயிரம் யென்னுக்கும் குறைவு. அதைப் பள்ளியை நடத்துபவரும் பெற்றோரும் பகிர்ந்து கட்டுகிறார்கள். பள்ளிப் பொறுப்பில் நடக்கும் எதுவும், ஜப்பானியப் பள்ளி வாழ்வின் பெரிய நிகழ்வான கல்விப் பயணம் உட்பட, அதில் அடக்கம். இறப்புக்கான தொகை 2019இல் 3 கோடி யென்னாக உயர்த்தப்பட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, உணவு நஞ்சாவதும் வெப்பத் தாக்கும் நோய் என்ற பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருப்பது. பள்ளியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து எழுதப்பட்ட திட்டம் அது. காப்பீட்டுச் சந்தை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்ததை வாங்கி மாணவர் மீது போர்த்தியதல்ல.

காப்பீடு இருந்தால் பள்ளிகள் அலட்சியமாகிவிடும் என்ற அச்சத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உயிர்காப்பு மிதவை உடை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, பாலிசி இருக்கிறதே என்று சொல்லும் நிர்வாகி நாளை வரலாம். ஆனால் காப்பீடு இல்லாத இன்றைய நிலை யாரையும் கவனமாக்கிவிடவில்லை. ஹர்ணி ஏரியில் கொள்ளளவை மீறி ஏற்றப்பட்ட படகே அதற்குச் சாட்சி. ஜெர்மனியில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகளுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, விபத்தைத் தடுப்பதும் சட்டப்படியான கடமை. பள்ளிகளுக்கு ஆய்வாளர்களை அனுப்புவதும் பயிற்சி கொடுப்பதும் அவற்றின் வேலை. இங்கேயும் பாலிசியின் நிபந்தனைகளைப் பயணத் திட்டத்தோடு இணைக்கலாம். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. படகு ஏறும் முன்னால் அந்தச் சான்றையும் அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கையையும் கேட்கும் ஆசிரியர், காப்பீட்டைத் தேடப்போய்ப் பாதுகாப்பையும் கண்டுபிடிக்கிறார். சான்று இல்லாத படகில் ஏறாமலிருப்பதே பல நேரம் அன்றைய பெரிய பாதுகாப்பு.

அரசுத் திட்டங்கள் போதாதா என்பது இன்னொரு கேள்வி. தமிழகச் சாலைகளில் அடிபடும் யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் நடக்கிறது. 2025 மே மாதம் ஒன்றிய அரசு சாலை விபத்தில் சிக்கியவருக்கு 7 நாள்களுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கையாக வெளியிட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. இவை உயிர் காக்கும் திட்டங்கள். இவற்றைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்திருப்பது சுற்றுலா ஆசிரியரின் கடமை. ஆனால் முதல் இரண்டும் சாலை விபத்துக்கு மட்டும். மூன்றாவது, பட்டியலிலுள்ள மருத்துவமனையில், பட்டியலிலுள்ள சிகிச்சைக்கு. குற்றாலத்தில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்த மாணவனை ஆம்புலன்ஸில் சொந்த ஊருக்குக் கொண்டுவரும் செலவையோ, மற்ற பிள்ளைகள் கிளம்பிப் போன பின் அவனோடு தங்கும் ஆசிரியரின், ஓடிவரும் பெற்றோரின் செலவையோ இவற்றில் எதுவும் ஏற்காது. துயரம் நடந்தபின் அறிவிக்கப்படும் நிவாரணம் அதைவிட நிச்சயமற்றது. மாயனூரில் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். வதோதராவில் பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சமும் மாநில அரசிடமிருந்து 4 லட்சமும். அரசின் இரக்கத்துக்கு நன்றி சொல்லலாம். ஆனால் உரிமையாகக் கேட்டுப் பெற முடியாத ஒன்றை நம்பிப் பயணத்தைத் திட்டமிட முடியாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணமாகப் போகும் மாணவரிடம், சிகிச்சைக்கும் ஊர் திரும்பவும் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு இருந்தால்தான் விசா கொடுக்கிறார்கள். அந்த அளவுகோலில் ஒரு சிறு பங்கையாவது நம் ஊர்ப் பயணத்துக்கு நாமே வைத்துக்கொள்வதில் என்ன தடை?

பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதத்தில், எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரிதான் பள்ளியின் காப்பீடு என்று நம்பும் நிர்வாகங்கள் உண்டு. 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து நிலைத்திருக்கும் சட்டம். பெற்றோர் பயணத்துக்குத்தான் அனுமதி கொடுக்கிறார்கள், கவனக்குறைவுக்கு அல்ல. பிள்ளைக்குரிய உரிமையை ஒரு கையெழுத்தால் துறந்துவிட அவர்களுக்கும் அதிகாரமில்லை என்றே நான் கருதுகிறேன். அந்தக் கடிதத்துக்கு உண்மையான பயன் வேறு: பிள்ளைக்கு ஒவ்வாமை உண்டா, வலிப்பு உண்டா, எந்த மருந்து சாப்பிடுகிறான், இரத்தப் பிரிவு என்ன, வீட்டில் மருத்துவக் காப்பீடு இருந்தால் எண் என்ன. ஏற்கெனவே உள்ள நோயை மறைத்தால் பாலிசியில் சிக்கல் வரும். சொல்லியிருந்தால் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் உதவும்.

கிளம்பும் நேரத்தில் சாவு, ஊனம் என்று பேசுவது அபசகுனம் என்ற தயக்கம் நம் வீடுகளில் ஆழமானது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பிள்ளை மீதுள்ள பயத்திலிருந்து பிறக்கும் தயக்கம் அது. பயணத்துக்குப் பயணம் பாலிசி எடுக்காமல் ஜூனில் சேர்க்கையோடு சேர்த்து ஆண்டு முழுவதுக்கும் எடுப்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். கட்டணப் பட்டியலில் ஒரு வரியாக அது வந்துவிட்டால், பேருந்து வாசலில் நின்று யாரும் சாவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. செலவும் குறையும். பெரிய குழுவுக்கு ஆண்டுப் பிரீமியம் தலைக்கு வாங்கும்போது கல்வி நிறுவனத்துக்குப் பேரம் பேசும் வலு இருக்கிறது. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டபோது குழுப் பாலிசிகளுக்கு 18 விழுக்காடு அப்படியே விடப்பட்டது. மாணவர் குழுக்களுக்காவது அதை நீக்கும்படி கேட்பது நியாயமான கோரிக்கை.

எடுக்கும் முறையில் சில நுணுக்கங்கள் உயிரானவை. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 64வி.பி. பிரிவின்படி, பிரீமியம் கைக்கு வந்த பிறகே காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு தொடங்கும். வெள்ளிக்கிழமை இரவு பேருந்து கிளம்பி, காசோலை திங்கட்கிழமை கொடுக்கப்பட்டால், நடுவில் வந்த இரண்டு நாளும் காப்பீடு இல்லாத நாள்கள். பெயர்ப் பட்டியலோடு எடுத்த பாலிசியில், கடைசி நேரத்தில் சேர்ந்த மாணவரும் மாறிய ஆசிரியரும் எழுத்தில் சேர்க்கப்படாவிட்டால் வெளியே நிற்பார்கள். டூர் ஏஜென்ட் 'எல்லாம் சேர்த்துத்தான் ரேட்' என்று சொன்னால், பாலிசியின் நகலைக் கேட்டு, காப்பீடு செய்யப்பட்டவர் யார், எந்தத் தேதி வரை, எந்த இடம் வரை என்று படிக்க வேண்டும். பல நேரம் அது ஏஜென்டின் வண்டிக்கான பாலிசியாக இருக்கும். சாகச விளையாட்டு, படகு, மலையேற்றம் ஆகியவற்றை விலக்கும் பிரிவை முதலில் படித்துவிட்டுப் பயணத் திட்டத்தை அதன் பிறகு எழுதுவதே சரியான வரிசை. ஆசிரியர், சமையல்காரர், உடன்வரும் பெற்றோர் ஆகியோரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மழைக்காக ரத்தாகும் பயணத்தின் முன்பணம் போன்ற சின்ன இழப்புகளுக்குக் காப்பீடு தேட வேண்டாம்; ஓட்டலோடும் பேருந்துக்காரரோடும் எழுத்தில் பேசிவைத்தால் போதும்.

இவ்வளவும் ஒவ்வொரு தலைமையாசிரியரும் தனியாகச் செய்ய வேண்டிய வேலை என்றால், வசதியான பள்ளிகளில் நடக்கும்; மற்ற பள்ளிகள் பயணத்தையே நிறுத்திவிடும். கடல் பார்க்காத பிள்ளை கடல் பார்க்காமலே போவது சிறிய இழப்பல்ல. அதனால் அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் இதை மாநில அரசே ஒரே குழுவாக எடுக்க வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படும் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. பள்ளி மாறினால் பதிவும் கூடவே மாறுகிறது. அந்தப் பட்டியலை வைத்து ஒப்பந்தப்புள்ளி கோரலாம். உணவு நஞ்சாதல், வெப்பத் தாக்கு, நீரில் மூழ்குதல், பாம்புக்கடி ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கும்படியும், பள்ளி வளாகம், விளையாட்டுப் போட்டி, முகாம், சுற்றுலா எல்லாவற்றுக்கும் ஒரே பாலிசி பொருந்தும்படியும் நிபந்தனை எழுதலாம். தனியார் பள்ளிகளுக்கு அதே விதிமுறைகளைக் குறைந்தபட்ச அளவாக அங்கீகாரப் புதுப்பிப்போடு இணைக்கலாம். கட்டடத்துக்குத் தீயணைப்புச் சான்றும் வண்டிக்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றும் கேட்கும் அதிகாரி, அதே கோப்பில் மாணவர் பாலிசியின் நகலையும் கேட்க ஓர் அரசாணை போதும்.